பானைக்குள் யாருக்கு என்ன வேலை?

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் வீட்டில் வாரம் ஒருமுறை காய்கறி சூப் வைப்போம். வெங்காயம், கேரட், செலரி மூன்றையும் வெண்ணெயில் வதக்கி, உருளைக்கிழங்கு, தக்காளி, பீன்ஸ் போட்டு, பே இலையும் தைமும் சேர்த்து முக்கால் மணி நேரம் கொதிக்கவிடும் பழைய முறை. மாமியாரிடம் கற்றுக்கொண்டது. போன வாரம் அதை ஆசிய பாணியில் மாற்றிப் பார்க்கலாமே என்று தோன்றியது. இஞ்சி, எலுமிச்சைப் புல், சோயா சாஸ், மிசோ என்ற புளித்த சோயா விழுது, தேங்காய்ப்பால், எள்ளெண்ணெய் எல்லாம் வாங்கி வந்து எல்லாவற்றையும் சேர்த்தேன். கடைசியில் பழுப்பு நிறத்தில், உப்புக் கரிக்கிற, மேலே எண்ணெயும் திரித்திரியாக ஏதோவும் மிதக்கிற ஒன்று வந்தது. பிள்ளைகள் இரண்டு வாயோடு நிறுத்திவிட்டார்கள். மாமியார் குறை ஒன்றும் சொல்லவில்லை. கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டு, "அடுத்த வாரம் நான் வைக்கிறேன்மா" என்றார். அதுதான் வலித்தது.

நாங்கள் சைவம். பார்க்கிற குறிப்பெல்லாம் மீன் சாஸ் என்கிறது. அது இல்லாமல் இந்த ருசி வராதா? தலைமுறையாக வைத்து வரும் ஒன்றில் இப்படிக் கைவைப்பதே தவறா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் மாமியார் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். தன்னுடைய சூப்பை அந்தக் கிண்ணத்தில் அவரால் அடையாளம் காண முடியவில்லை. அவ்வளவுதான் நடந்திருக்கிறது என்று நினைக்கிறேன். உங்கள் இரண்டாவது கேள்விக்கான பதிலும் அதற்குள்தான் இருக்கிறது. ஆனால் முதலில் பானையைப் பார்ப்போம்.

நீங்கள் ஆறு பொருட்களைச் சேர்த்தீர்கள், ஒன்றைக்கூட எடுக்கவில்லை. எனக்குத் தெரிந்து இந்த மாதிரிச் சூப்புகள் கெட்டுப்போவதற்கு முக்கால்வாசிக் காரணம் இதுதான். ஒரு பழைய சூப்பில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வேலை உண்டு. வதக்கிய வெங்காயமும் கேரட்டும் இனிப்பைத் தருகின்றன. தைமும் பே இலையும் மணத்துக்கு. தக்காளி புளிப்புக்கும், நாக்கில் தங்கும் அந்த ஆழத்துக்கும். உருளைக்கிழங்கு கரைந்து சூப்புக்கு உடம்பு, அதாவது கெட்டித்தன்மை, கொடுக்கிறது. வெண்ணெய் எல்லாவற்றையும் வழுவழுப்பாகச் சேர்த்துப் பிடிக்கிறது. உப்பு தன் வேலையைச் செய்கிறது. புதிதாக ஒருவர் வந்தால், இவற்றில் யாருடைய வேலையை அவர் எடுத்துக்கொள்கிறார் என்று கேட்க வேண்டும். பழையவர் நகர்ந்தால்தான் அவருக்கு இடம்.

உங்கள் பானையில் தைம் இருக்கும்போதே எலுமிச்சைப் புல்லும் வந்தது. மணத்துக்கு இரண்டு பேர், ஒருவர் மேல் ஒருவர் ஏறிக்கொண்டு. உப்புக்கு மூன்று பேர்: உப்பு, சோயா சாஸ், மிசோ. உடம்புக்கு உருளைக்கிழங்கும் தேங்காய்ப்பாலும். அந்தத் திரிகள் தேங்காய்ப்பால் திரிந்ததால் வந்தவை. தக்காளியின் புளிப்பும் தளதளவென்ற கொதியும் சேர்ந்தால் அது பிரிந்துவிடும். மிசோவையும் கொதிக்கவிட்டிருப்பீர்கள். அதன் மணம் ஆவியோடு போய் வெறும் உப்புதான் மிஞ்சியிருக்கும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். "ஆசிய பாணி" என்று ஒரு பாணி கிடையாது. மிசோ ஜப்பானியச் சமையலறையில் இருந்து வருகிறது. எலுமிச்சைப் புல்லும் தேங்காய்ப்பாலும் சேரும் சூப் தாய்லாந்துப் பக்கத்து வழி. எள்ளை வறுத்து ஆட்டிய எண்ணெயைக் கடைசியில் சொட்டுவதைச் சீனாவிலும் கொரியாவிலும் பார்க்கலாம். தனித்தனியாக ஒவ்வொன்றும் நூற்றாண்டுகளாகப் பக்குவப்பட்டவை. ஒரு சூப்புக்கு ஒரு சமையலறையைத் தேர்ந்தெடுத்து, கடைசி வரை அதோடு போங்கள்.

இனி மீன் சாஸ். அது இல்லாமல் வராது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். ஜப்பானியப் பௌத்த மடங்களில் ஷோஜின் ரியோரி என்ற சைவச் சமையல் நூற்றாண்டுகளாக இருக்கிறது. மீனும் இறைச்சியும் இல்லாமல் அவர்கள் சாறு எடுப்பது இரண்டு காய்ந்த பொருட்களில் இருந்து: கோம்பு என்ற கடற்பாசி, ஷிடாகே காளான். இந்தக் கோம்பு சாற்றில்தான் 1908இல் டோக்கியோ பேரரசுப் பல்கலைக்கழகத்தின் வேதியியலாளர் கிகுனே இகேடா, இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு என்ற நான்கிலும் அடங்காத சுவைக்குக் காரணம் குளுட்டமேட் என்ற வேதிப்பொருள் என்று கண்டு, அதற்கு உமாமி என்று பெயர் வைத்தார். 1957இல் அகிரா குனினாகா, காய்ந்த ஷிடாகேயில் இருக்கும் குவானிலேட் என்ற வேறொரு வேதிப்பொருளுக்கும் அந்தச் சுவை உண்டு என்று காட்டினார். அதைவிட முக்கியமாக, குளுட்டமேட்டும் குவானிலேட்டும் ஒரே வாயில் சேரும்போது சுவை கூட்டலாக ஏறாமல் பல மடங்காகப் பெருகுகிறது என்பதையும். மடத்துச் சமையல்காரர்கள் காரணம் தெரியாமலே பானையில் செய்துவந்த காரியம் இது.

இப்போது உங்கள் பழைய சூப்பைப் பாருங்கள். அதில் தக்காளி இருக்கிறது. நன்றாகப் பழுத்த தக்காளியில் குளுட்டமேட் தாராளமாக உண்டு. உங்கள் மாமியாரின் பானை பாதி வழி ஏற்கெனவே வந்து நிற்கிறது என்று அர்த்தம். நீங்கள் அதற்கு ஊற்றும் தண்ணீரை மாற்றினால் போதும்.

முந்தின இரவே தொடங்குங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்குப் பத்து கிராம் கோம்பு, நான்கைந்து காய்ந்த ஷிடாகே. கோம்பின் மேல் வெள்ளையாகப் பொடி படிந்திருக்கும். அழுக்கு என்று நினைத்துக் கழுவிவிடாதீர்கள், சுவையில் ஒரு பங்கு அதில் இருக்கிறது. ஈரத்துணியால் லேசாக ஒற்றி எடுத்தால் போதும். இரண்டையும் குளிர்ந்த தண்ணீரில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். காலையில் கோம்பு மூன்று மடங்கு அகலத்துக்கு விரிந்து, கரும்பச்சையாக, தொட்டால் வழுக்கும். தண்ணீர் வெளிர்தேன் நிறத்துக்கு வந்திருக்கும். அப்படியே அடுப்பில், சின்னத் தீயில். அவசரமே வேண்டாம். பாத்திரத்தின் விளிம்பை ஒட்டிப் பொடிப்பொடியாகக் குமிழிகள் ஏறத் தொடங்கும் நேரம் கோம்பை எடுத்துவிடுங்கள். கொதித்துவிட்டால் சாறு கொழகொழத்து ஒரு கசப்பு வந்துவிடும். நான் முதல் தடவை போனில் பேசிக்கொண்டே அதைக் கொதிக்கவிட்டு, முழுப் பாத்திரத்தையும் கொட்டியிருக்கிறேன். காளான் இருக்கட்டும், கொதிக்கலாம். பிறகு எடுத்துக் காம்பை நீக்கி மெல்லிசாக நறுக்கி வையுங்கள்.

அதன்பிறகு எல்லாம் உங்கள் மாமியாரின் கை. வெங்காயம், கேரட், செலரி வெண்ணெயில் நிதானமாக வதங்கட்டும். அந்த முதல் மணம் வீட்டில் பரவும்போதே அது அவருடைய சூப் என்று தெரிந்துவிட வேண்டும். இதில் ஒன்றையும் மாற்றாதீர்கள். தைமையும் பே இலையையும் மட்டும் இந்தத் தடவை விட்டுவிட்டு, அந்த இடத்தில் இரண்டு மூன்று வட்டு இஞ்சி. தண்ணீருக்குப் பதில் அந்தச் சாறு. தக்காளி பாதி அளவு போதும். உருளைக்கிழங்கு, பீன்ஸ் வழக்கம்போல. உப்பு போடவே வேண்டாம்.

காய் வெந்ததும் அடுப்பை அணைத்துவிடுங்கள். கொதி அடங்கட்டும். ஒரு கரண்டிச் சூப்பைச் சின்னக் கிண்ணத்தில் எடுத்து, அதில் மூன்று மேசைக்கரண்டி வெள்ளை மிசோவைக் கட்டியில்லாமல் கரையுங்கள். நேராகப் பானையில் போட்டால் அடியில் உருண்டையாக உட்கார்ந்துகொள்ளும். கரைத்ததை ஊற்றும்போது, தெளிந்த சாற்றுக்குள் மேகம் மாதிரி சுருண்டு சுருண்டு பரவும். ருசி பாருங்கள். குறைந்தால் இன்னும் அரைக் கரண்டி. வெள்ளை மிசோ குறைந்த காலம் புளித்தது, இனிப்புச் சாயல் உள்ளது, கேரட்டோடு ஒத்துப்போகும். சிவப்பு மிசோ நீண்ட நாள் புளித்தது, உப்பும் வீரியமும் அதிகம். முதல் தடவைக்கு அது வேண்டாம். நறுக்கிய ஷிடாகேயை மேலே தூவிப் பரிமாறுங்கள். வறுத்த எள்ளெண்ணெய் பிடித்தால் கிண்ணத்துக்கு இரண்டு சொட்டு, பரிமாறும்போது மட்டும். வறுக்காத எள்ளெண்ணெய்க்கு அந்த மணம் கிடையாது. எனக்குக் கேட்டால் இந்தச் சூப்பில் வெண்ணெய் இருப்பதால் அதுவும் தேவையில்லை.

தேங்காய்ப்பால் வழி வேண்டுமென்றால் அது வேறொரு நாள், வேறொரு சூப். அன்று உருளைக்கிழங்கும் வெண்ணெயும் வேண்டாம். எலுமிச்சைப் புல்லின் அடிப்பகுதி வெள்ளைத் தண்டை நசுக்கி, பேரரத்தை நாலு வட்டோடு பத்துப் பதினைந்து நிமிடம் கொதிக்கவிட்டு, இரண்டையும் எடுத்துவிடுங்கள். மெல்ல முடியாத நார் அவை. தேங்காய்ப்பால் கடைசியில், சின்னத் தீயில். எலுமிச்சைச் சாறு அடுப்பை அணைத்த பிறகு. உப்புக்குச் சோயா சாஸ். மீன் சாஸின் இடத்துக்கு அதுவும் கோம்பு சாறும் சேர்ந்தாலே போதும்.

கடையில் ஒரு எச்சரிக்கை, இதைச் சைவக்காரர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டும். தாய்லாந்துக் கறி பேஸ்ட் பலவற்றில் இறால் விழுது இருக்கும். டாஷி என்ற ஜப்பானியச் சாற்றுக்கான உடனடிப் பொடியில் பெரும்பாலும் காய்ந்த மீன். மிசோவிலேயே டாஷி கலந்து விற்பவை உண்டு, உறை ஒரே மாதிரிதான் இருக்கும். கிம்ச்சி என்ற கொரியப் புளித்த காய்கறியில் பெரும்பாலும் மீன் சாஸோ இறாலோ சேர்ந்திருக்கும். "காய்கறி" என்று முன்பக்கத்தில் படம் போட்டிருந்தாலும் பின்பக்கத்து எழுத்தைப் படிக்காமல் வாங்காதீர்கள். தாய்லாந்துப் பொருட்களில் சிவப்பும் மஞ்சளுமாக "ஜே" என்ற சைவக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். அந்த முறையில் சமைப்பவர்கள் வெங்காயம், பூண்டைக்கூடச் சேர்ப்பதில்லை.

இப்போது இரண்டாவது கேள்வி. கைவைப்பது தவறா? உங்கள் பானையில் இருக்கும் தக்காளியும் உருளைக்கிழங்கும் பீன்ஸும் அமெரிக்கக் கண்டங்களில் இருந்து வந்தவை; 1492க்கு முன்னால் ஐரோப்பாவில் எந்தப் பாட்டியின் சூப்பிலும் அவை கிடையாது. கேரட்டைப் பயிராக்கியது மத்திய ஆசியப் பக்கம், முதலில் ஊதாவும் மஞ்சளுமாக. ஆசியா உங்கள் பானைக்குள் எப்போதோ வந்து உட்கார்ந்துவிட்டது. ஒவ்வொரு தலைமுறையிலும் யாரோ ஒருத்தி புதிதாக ஒன்றைப் போட்டுப் பார்த்திருக்கிறாள், வீட்டார் சாப்பிட்டிருக்கிறார்கள், அது நின்றிருக்கிறது.

அதனால் நீங்கள் முயன்றதில் எனக்குத் தவறு தெரியவில்லை. உங்கள் மாமியார் வருந்தியிருந்தால், தன் சூப்பில் தனக்குப் பிடித்தது எது என்று யாரும் தன்னைக் கேட்கவில்லையே என்றுதான் இருக்கும். அடுத்த வாரம் அவரே வைக்கட்டும். பக்கத்தில் நின்று பாருங்கள். வெங்காயம் எந்த நிறத்துக்கு வந்ததும் அடுத்ததைப் போடுகிறார், எதை முதலில் ருசி பார்க்கிறார், எந்தப் பொருள் தீர்ந்துபோனால் கடைக்குப் போகாமல் சமாளிப்பார், எது இல்லாவிட்டால் சூப்பே வைக்கமாட்டார் என்று கேளுங்கள். அந்தக் கடைசிப் பொருளை மட்டும் நீங்கள் என்றைக்கும் தொடவேண்டாம். அதற்கு அடுத்த வாரம், அவரிடம் சொல்லிவிட்டே, தண்ணீரை மட்டும் மாற்றிப் பாருங்கள்.

சாறு எடுத்த கோம்பை எறிந்துவிடாதீர்கள். மெல்லிசாக நறுக்கி, சோயா சாஸும் துளி சர்க்கரையும் விட்டு, தண்ணீர் வற்றும்வரை சுண்டவைத்து, மேலே எள் தூவினால் நல்ல தொடுகறி. சூப் மிஞ்சுமென்று தெரிந்தால் மிசோ கரைக்கும் முன்பே அந்தப் பங்கைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். மறுநாள் சூடாக்கி அணைத்த பிறகு கரைத்துக்கொள்ளலாம்.

என்ன ஆயிற்று என்று எழுதுங்கள். அவர் சொன்ன பதிலையும்.

அன்புடன்.