மாவுச்சத்து நீரைக் கொப்பளித்தால் பளு தூக்க உதவுமா? கேள்வி பதில்

கேள்வி: சர்க்கரைத் தண்ணீரைக் கொப்பளித்துத் துப்பினாலே தெம்பு வரும் என்கிறார் ஜிம்மில் ஒருவர். வயிற்றுக்கே போகாத ஒன்று எப்படிச் சக்தி தரும்?

பதில்: சக்தி தராது. இதில் என்னை ஈர்த்ததே அதுதான். 2004-ல் பர்மிங்காம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இரண்டு சோதனைகளை வெளியிட்டார்கள். ஒன்றில், சுமார் ஒரு மணி நேரம் முழு வேகத்தில் சைக்கிள் மிதித்தவர்களுக்குக் குளுக்கோஸை நேரே ரத்தத்தில் ஏற்றினார்கள். வேகம் கூடவில்லை. இன்னொன்றில், 6.4 சதவீத மால்டோடெக்ஸ்ட்ரின் (மாவுச்சத்தை உடைத்து எடுக்கும் பொடி) கலந்த நீரை அவ்வப்போது கொப்பளித்துத் துப்ப வைத்தார்கள். ஏறக்குறைய 3 சதவீதம் வேகமாக முடித்தார்கள். ரத்தத்தில் ஏறிய சர்க்கரை செய்யாததை வாயோடு நின்ற மாவுச்சத்து செய்துவிட்டது.

காரணம் மூளை. 2009-ல் ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது, குளுக்கோஸும் மால்டோடெக்ஸ்ட்ரினும் வாயில் பட்டதும் ஊக்கம், உடலசைவு சம்பந்தமான பகுதிகள் விழித்துக்கொண்டன. கலோரி இல்லாத செயற்கை இனிப்பான சாக்கரின் அதைச் செய்யவில்லை. மால்டோடெக்ஸ்ட்ரினுக்கு இனிப்பே இல்லை என்று சொல்லலாம். ஆக, வாய் இனிப்பை மட்டும் கண்டுபிடிப்பதில்லை. சாப்பாடு வருகிறது என்பதையும் உணர்ந்து மூளைக்குச் சொல்கிறது.

கேள்வி: பெஞ்ச் பிரஸில் (படுத்தபடி எடைக் கம்பியை மேலே தள்ளுவது) 100 கிலோவில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன் அண்ணா. கொப்பளித்தால் 105 போகுமா?

பதில்: போகாது தம்பி. 2011-லும் 2015-லும் வெளியான ஆய்வுகளில் இதே பெஞ்ச் பிரஸில் அதிகபட்ச எடையைச் சோதித்தார்கள், பலன் இல்லை. ஒரே ஒரு ரெப், அதாவது ஒரே ஒரு முறை தூக்குவது, சில விநாடி வேலை. நன்றாக ஓய்வெடுத்து, மனதைத் திரட்டிக்கொண்டுதான் பாரைப் பிடிக்கிறீர்கள். அந்த நேரத்தில் உங்கள் பலத்தில் மூளை விடாமல் பிடித்து வைத்திருப்பது மிகக் கொஞ்சம்.

கேள்வி: அப்படியானால் பளு தூக்குபவர்களுக்கு இதனால் பயனே இல்லையா?

பதில்: இருக்கிறது, வேறு இடத்தில். ஸ்குவாட்டில் (பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது) நான்காவது செட்டை (ஓய்வு எடுக்காமல் தொடர்ந்து செய்யும் ரெப்கள்) நினைத்துப் பாருங்கள். ஏழாவது ரெப்பில் பார் பாதியில் தயங்கி நிற்கிறது. தொடை இன்னும் முழுதாகத் தீரவில்லை, ஆனால் உள்ளுக்குள் ‘போதும், ரேக்கில் வை’ என்று ஒரு குரல். கொப்பளிப்பு தொடுவது அந்தக் குரலைத்தான். களைத்த தசைக்கு மூளையிலிருந்து போகும் கட்டளை சற்றுக் கூடுவதை 2010-ல் அளந்து காட்டியிருக்கிறார்கள். பல செட் கொண்ட பயிற்சியில் மொத்த ரெப்கள் கூடியதாகச் சொல்லும் ஆய்வுகள் பின்னால் வந்தன. ஆனால் நான் மேலே சொன்ன இரண்டு பெஞ்ச் பிரஸ் ஆய்வுகளிலும் களைக்கும்வரை ரெப் எண்ணியும் பார்த்தார்கள். அங்கே வித்தியாசம் தெரியவில்லை. அதனால் என் கணிப்பு: நீண்ட பயிற்சியின் பிற்பகுதியில் ஒன்றிரண்டு ரெப் கிடைக்கலாம். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

கேள்வி: காலையில் வெறும் வயிற்றில்தான் பயிற்சி செய்கிறேன். எனக்குப் பொருந்துமா?

பதில்: உங்களைப் போன்றவர்களுக்குத்தான் அதிகம் பொருந்தும். சைக்கிள் ஆய்வுகளில், சாப்பிட்டு வந்தவர்களுக்குப் பலன் குறைந்தது, அல்லது காணாமலே போனது. பசியோடு இருக்கும் மூளை சாப்பாட்டுச் செய்தியை ஆவலோடு கேட்கிறது.

கேள்வி: எப்படிக் கலக்குவது, எவ்வளவு நேரம் வாயில் வைப்பது?

பதில்: 200 மில்லி தண்ணீருக்கு 13 கிராம் மால்டோடெக்ஸ்ட்ரின். பொடியை மொத்தமாகக் கொட்டினால் கட்டி தட்டும். கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் குலுக்குங்கள். செட்டுக்குச் சற்று முன் 25 மில்லி வாயில் எடுத்து, நாக்கின் எல்லாப் பக்கமும் படும்படி 10 விநாடி சுழற்றித் துப்புங்கள். துப்புவதற்குத் தனியாக ஒரு கப் கொண்டு போங்கள், தயவுசெய்து தண்ணீர்க் குழாயடியில் வேண்டாம்.

கேள்வி: ஜீரோ கலோரி பானத்தால் கொப்பளிக்கலாமா?

பதில்: பயனில்லை. சாக்கரின் கதையை மேலே பாருங்கள்.

கேள்வி: பல் கெடாதா சார்?

பதில்: தினமும் செய்தால் கவனம் வேண்டும். வாய்க் கிருமிகளுக்கு மால்டோடெக்ஸ்ட்ரினும் தீனிதான். பயிற்சி முடிந்ததும் வெறும் தண்ணீரில் நன்றாகக் கொப்பளியுங்கள். எலுமிச்சைச் சுவை சேர்க்காதீர்கள், புளிப்பு பல் எனாமலை அரிக்கும்.

கேள்வி: எல்லாம் மனப்பிரமையாக இருந்தால்?

பதில்: நியாயமான சந்தேகம். வீட்டிலேயே சோதிக்கலாம். நண்பரிடம் இரண்டு பாட்டில் கலக்கச் சொல்லுங்கள்: ஒன்றில் மால்டோடெக்ஸ்ட்ரின், இன்னொன்றில் வெறும் தண்ணீர், இரண்டிலும் ஒரே செயற்கை இனிப்பு. எது எது என்பது அவருக்கு மட்டும் தெரியட்டும். ஒரே எடை, ஒரே ஓய்வு நேரம், ஒரே தூக்கம், ஒவ்வொன்றுக்கும் நான்கு நாள். மொத்த ரெப்பை எழுதி வையுங்கள், கடைசியில்தான் கேளுங்கள்.

கேள்வி: எல்லார் முன்னாலும் துப்பக் கூச்சமாக இருக்கிறது. விழுங்கிவிட்டால்?

பதில்: தாராளமாக. ஒரு வாயில் இருப்பது 1.6 கிராம்தான். போகிற வழியில் எப்படியும் வாயைத் தொட்டுத்தானே போகிறது! துப்பச் சொல்வது, வயிற்றில் தண்ணீர் ஆடினால் குமட்டுகிறவர்களுக்கும் கலோரியை எண்ணுபவர்களுக்கும்தான். உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை என்றால் வாயில் 10 விநாடி வைத்திருந்து குடித்துவிடுங்கள்.