சுவரைக் கேட்டவர்கள் யார்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்க அரசுப் பள்ளிகளில் ஜெபம் நடத்தக் கூடாது என்ற தீர்ப்பை ஆதரித்து நீங்கள் எழுதியதைப் படித்தேன். என்னால் ஏற்க முடியவில்லை. திருச்சபையையும் அரசையும் பிரிக்கும் 'சுவர்' என்ற சொல்லே அந்த நாட்டு அரசியல் சட்டத்தில் கிடையாது. கடவுள் நம்பிக்கை இல்லாதவர்கள் பிற்பாடு கொண்டுவந்து சேர்த்தது அது என்று நினைக்கிறேன். பெரும்பாலோர் கிறிஸ்தவர்களாக உள்ள நாட்டில் பிள்ளைகள் காலையில் பொதுவாக ஒரு ஜெபம் சொன்னால் யாருக்கு என்ன கெடுதல்? வேண்டாதவர்கள் சும்மா நிற்கட்டுமே.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அந்தச் சொல் அரசியல் சட்டத்தில் இல்லை, சரிதான். அரசு ஒரு மதத்தை நிறுவும் சட்டம் இயற்றக் கூடாது, மதத்தைக் கடைப்பிடிப்பதைத் தடுக்கவும் கூடாது என்பதோடு 1791-இல் வந்த முதல் திருத்தம் மத விஷயத்தில் நிறுத்திக்கொள்கிறது. சுவர் வருவது ஒரு கடிதத்தில். அந்தக் கடிதம் யாருக்குப் போனது என்பதைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும்.

கனெக்டிகட் மாநிலத்து டான்பரி பகுதி பாப்டிஸ்ட் சபையினர் 1801 அக்டோபரில் ஜனாதிபதி ஜெஃபர்சனுக்கு எழுதினார்கள். அங்கே அப்போது காங்கிரிகேஷனல் என்ற புராட்டஸ்டன்ட் சபைதான் அரசு ஏற்ற சபை. அதற்காக மக்கள் வரி கட்ட வேண்டும். வேறு சபைக்காரர்கள் விலக்குப் பெறலாம், ஆனால் தாங்கள் இன்ன சபை என்று சான்றிதழ் கொடுத்தாக வேண்டும். சான்றிதழ் கொடுத்தால் விட்டுவிடுகிறார்களே, பிறகென்ன குறை என்று தோன்றும். அவர்கள் சொன்ன குறை இதுதான்: எங்கள் மத சுதந்திரம் எங்களுக்குச் சலுகையாகத் தரப்படுகிறது, பறிக்க முடியாத உரிமையாக இல்லை. 1802 ஜனவரி 1 அன்று ஜெஃபர்சன் எழுதிய பதிலில்தான் சுவர் வருகிறது. 'சும்மா நிற்கட்டுமே' என்று நீங்கள் எழுதியதும் எனக்கு அந்தச் சான்றிதழ் நினைவுக்கு வந்தது.

அந்த உருவகமும் ஜெஃபர்சன் காலத்தைவிடப் பழையது. 1644-லேயே ரோஜர் வில்லியம்ஸ் அதை எழுதிவிட்டார். திருச்சபை ஒரு தோட்டம், வெளியே இருக்கும் உலகம் காடு, இரண்டுக்கும் நடுவில் வேலியோ சுவரோ வேண்டும் என்றார். பைபிளில் ஊறிய போதகர் அவர். மாசசூசெட்ஸிலிருந்து துரத்தப்பட்டு 1636-இல் பிராவிடன்ஸ் ஊரை உண்டாக்கினார். காடு தோட்டத்துக்குள் புகுந்துவிடும் என்பதுதான் அவர் பயம். அவரைத் துரத்திய அதே மாசசூசெட்ஸ், 1660-இல் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த மேரி டயரை பாஸ்டனில் தூக்கிலிட்டது. தூக்கிலிட்டவர்களும் தூக்கில் தொங்கியவரும் ஒரே கிறிஸ்துவை வணங்கியவர்கள்.

வர்ஜீனியாவிலும் இதே கதைதான். அனுமதிச் சீட்டு இல்லாமல் பிரசங்கம் செய்ததற்காக பாப்டிஸ்ட் போதகர்கள் அங்கே சிறையில் கிடந்தார்கள். பின்னாளில் ஜனாதிபதியான ஜேம்ஸ் மேடிசன் அப்போது இளைஞர், அவரை அது ஆழமாகப் பாதித்தது. பின்னர், 1784-இல், கிறிஸ்தவப் போதகர்களுக்காக வரி போடும் மசோதா ஒன்று வந்தது. யார் பணம் எந்தச் சபைக்குப் போக வேண்டும் என்பதை அவரவரே சொல்லலாம். இவ்வளவு தாராளமான திட்டத்தையும் மேடிசன் எதிர்த்தார். கிறிஸ்தவத்தை நிறுவ இன்று அரசுக்கு அதிகாரம் உண்டென்றால், அதற்குள் ஒரு பிரிவை மட்டும் நிறுவ நாளை அதற்கு அதிகாரம் இல்லை என்று எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டார். பாப்டிஸ்டுகளும் பிரெஸ்பிடீரியன்களும் எதிர்ப்பு மனுக்களில் கையெழுத்துப் போட்டுக் குவித்தார்கள். மசோதா செத்தது. 1786-இல் மத சுதந்திரச் சட்டம் நிறைவேறியது.

கெடுதல் என்ன என்று கேட்டீர்கள். பிலடெல்ஃபியா பள்ளிகளில் புராட்டஸ்டன்டுகளின் பைபிளை வாசிப்பார்கள். எங்கள் பிள்ளைகள் எங்கள் பைபிளை வாசிக்கட்டும் என்று கத்தோலிக்க பிஷப் கேட்டார். பைபிளையே பள்ளியிலிருந்து விரட்டப் பார்க்கிறார்கள் என்று வதந்தி கிளம்பியது. 1844 மே மாதக் கலவரத்தில் பலர் செத்தார்கள், இரண்டு கத்தோலிக்க தேவாலயங்கள் எரிந்தன. பொதுவான ஜெபம் என்கிறீர்களே, பைபிளிலேயே பொதுவானது கிடைக்கவில்லை.

அந்தப் பொதுவான ஜெபத்தையும் ஒருமுறை செய்துபார்த்தார்கள். நியூயார்க் மாநிலக் கல்வி அதிகாரிகளே ஆங்கிலத்தில் 22 சொற்களில் ஒரு ஜெபம் எழுதினார்கள். யார் மனமும் நோகக் கூடாதென்று அதில் கிறிஸ்துவின் பெயரே இல்லை. 1962-இல் உச்ச நீதிமன்றம் அதைத் தடுத்தது. எந்தப் பிள்ளையும் தானாக ஜெபிப்பதை அந்தத் தீர்ப்பு தடுக்கவில்லை. அரசு ஊழியர்கள் கூடி உட்கார்ந்து எழுதிய ஜெபத்தைப் பார்த்து முதலில் கோபப்பட வேண்டியவர்கள் விசுவாசிகள் என்றே நான் நினைக்கிறேன்.

உங்கள் பக்கம் ஒரு நியாயம் உண்டு. சுவரைப் பற்றி எழுதிய இரண்டாம் நாளே, ஞாயிற்றுக்கிழமை, ஜெஃபர்சன் பிரதிநிதிகள் சபை மண்டபத்தில் நடந்த ஆராதனைக்குப் போனார். அன்று பிரசங்கம் செய்தவர் ஜான் லேலண்ட் என்ற பாப்டிஸ்ட் போதகர். சுவர் எங்கே போகிறது என்பதில் அன்றிலிருந்தே தகராறுதான்.

2022-இல் வந்த தீர்ப்பு ஒன்று உங்களுக்குப் பிடிக்கும். வாஷிங்டன் மாநிலத்தில் பள்ளி ஒன்றின் அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர் ஒருவர் ஆட்டம் முடிந்ததும் மைதானத்தின் நடுவே மண்டியிட்டு ஜெபிப்பார். அது அவர் உரிமை என்று 6-க்கு 3 என்ற கணக்கில் தீர்ப்பானது. அவர் தனியாக ஜெபிக்க உரிமை உண்டு, அதற்காக நானும் வாதாடுவேன். ஆனால் அந்த வழக்கின் ஆவணங்களில் ஒரு மாணவனின் தந்தை சொன்னது இருக்கிறது. அவர் மகனுக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. இருந்தும் ஜெபத்தில் கலந்துகொண்டான். கலந்துகொள்ளாவிட்டால் ஆட்டத்தில் இறக்கிவிடும் நேரம் குறைந்துவிடும் என்று நினைத்தானாம். அவனைச் சும்மா நிற்கச் சொல்ல யாரும் தேவைப்படவில்லை. சும்மா நிற்க முடியும் என்ற நம்பிக்கைதான் அவனுக்கு இல்லை.