மூலையில் ஒதுங்கினால் தப்ப முடியாது

கேள்வி: 'லெஃப்ட் 4 டெட்' வீடியோ கேமின் முதல் பாகத்தை நண்பர்கள் நால்வரும் ஆடி முடித்துவிட்டோம். இரண்டாம் பாகத்திலும் அதே ஜாம்பிக் கூட்டம்தானே? புதிதாக என்ன இருக்கிறது?

பதில்: நிறைய இருக்கிறது. 2008-ல் வந்த முதல் பாகத்தில், கூட்டம் பாயும்போது நால்வரும் ஒரு மூலையில் ஒட்டி நின்று தள்ளித் தள்ளிச் சுட்டாலே போதும். 2009-ல் வந்த இரண்டாம் பாகம் அந்தப் பழக்கத்தைத்தான் முதலில் உடைக்கிறது. ஸ்பிட்டர், சார்ஜர், ஜாக்கி என்ற மூன்று புதிய சிறப்பு ஜாம்பிகள்தான் காரணம். ஸ்பிட்டர் துப்பும் அமிலத்தில் நிற்க நிற்கச் சேதம் கூடிக்கொண்டே போகும், உடனே விலகிவிடுங்கள். சார்ஜர் ஒருவரைத் தூக்கிக்கொண்டு ஓடும், பக்கத்தில் இருப்பவர்கள் சிதறி விழுவார்கள். அதைத் தள்ளிவிட முடியாது, கொல்லத்தான் வேண்டும். ஜாக்கி ஒருவரின் தோளில் ஏறினால், மற்றவர் தரும் ஒரு தள்ளு போதும்.

கோடரி, வாணலி போன்ற கைச்சண்டை ஆயுதங்களுக்குத் தோட்டா தேவையில்லை. ஆனால் எடுத்தால் கைத்துப்பாக்கியை விட வேண்டும். நால்வரும் எடுத்துவிட்டால், கீழே விழுந்தபின் கைத்துப்பாக்கி வந்தாலும், நிற்கும்போது தூரத்துக் குறிக்குப் பெரிய துப்பாக்கியின் தோட்டாதான் வீணாகும். இருவர் எடுத்தால் சரியாக இருக்கும். இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் டிஃபிபிரிலேட்டர் கருவி இறந்தவரை 50 உயிர்ப்புள்ளிகளோடு எழுப்பும். முதலுதவிப் பெட்டியின் இடத்தைப் பிடிப்பதால் ஒருவர் மட்டும் சுமக்கட்டும்.