இருபத்தேழு கோடி நியாயமுங்களா?

கேள்வி: ஐ.பி.எல். ஏலத்தில் ரிஷப் பந்த்துக்கு 27 கோடியாம். என் மகன் ஸ்பின்னிங் மில்லில் நைட் ஷிப்ட் பார்க்கிறான். ரெண்டு மாச விளையாட்டுக்கு இவ்வளவு நியாயமுங்களா?
– ஒரு வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: கோபம் நியாயம்தானுங்க. ஆனால் அந்தப் பணத்தை அவர் விட்டுக்கொடுத்தால் உங்கள் மகனுக்கா வரும்? அணி முதலாளிக்குப் போகும். 2023 முதல் 2027 வரை ஐந்து சீசன்களுக்கான ஒளிபரப்பு உரிமையே 48,390 கோடி. அந்தப் பணத்தை எடுக்க ஓட்டும் விளம்பரங்களைப் பார்க்கும் கூட்டத்தில் நீங்களும் நானும் உண்டு. ஆடுகிறவனுக்கும் அதில் பங்கு போகட்டும் என்பேன்.

நம்ம சின்னப்பம்பட்டி வேகப்பந்து வீச்சாளர் நடராஜனைப் பாருங்கள். தறித் தொழிலாளி மகன். 2017 ஏலத்தில் 3 கோடி. ஊரிலேயே மைதானம் கட்டினார். வேகப்பந்து வீசுகிறவருக்கு முழங்கால், தோள் எத்தனை வருஷம் தாங்கும் சொல்லுங்கள்?

என் வயிற்றெரிச்சல் வேறு. உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன் நான். பெருந்துறைப் பக்கம் கோயில் நோம்பிக்குக் கபடி நடக்கும். முட்டியில் கிரேப் பேண்டேஜ் சுற்றிக்கொண்டு விடிய விடிய ஆடுவார்கள். ஜெயித்த பணத்தில் வேன் வாடகை, புரோட்டா போக, ஆளுக்கு மிஞ்சுவது பெட்ரோல் காசு. ஜவ்வு கிழிந்தால் ஆபரேஷன் செலவு வீட்டார் தலையில். விழாக் கமிட்டிக்காரர்கள் பிளக்ஸ் பேனரைக் குறைத்து, ஆடுகிற பையன்களுக்கு ஒரு விபத்துக் காப்பீடு எடுக்கலாம். அடுத்த நோம்பிக்கு உங்கள் ஊரில் கேட்டுப் பாருங்களேன்.