மலையில் ஏறி இறங்கி நடந்தும் எடை கூடுவது ஏன்?

கேட்டவர் குன்னூர்ப் பக்கத்தவர். காலையில் பிரெட், பதினொரு மணிக்கு டீயும் வர்க்கியும், மாலையில் பிள்ளைகளுக்கு நூடுல்ஸ். எண்ணெய்ப் பலகாரம் அதிகமில்லை, தினமும் மேடு ஏறி இறங்குகிறோம், உருளைக்கிழங்கையும் நிறுத்திவிட்டோம், ஆனாலும் வீட்டில் எல்லோருக்கும் எடை கூடுகிறதே, பாக்கெட் உணவுதான் காரணமா, எங்கே கை வைப்பது என்பது கேள்வி.

முதல் வேலையாக உருளைக்கிழங்கைத் திரும்பவும் சமையலறைக்குள் கொண்டு வாருங்கள். நிறுத்தக் கூடாத ஒன்றை நிறுத்திவிட்டு, நிறுத்த வேண்டியதை அப்படியே விட்டிருக்கிறீர்கள்.

1995-ல் சிட்னி பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை செய்தார்கள். 38 வகை உணவுகளை, ஒவ்வொன்றிலும் 240 கலோரி வரும் அளவுக்கு எடுத்துச் சாப்பிட வைத்து, அடுத்த 2 மணி நேரம் வயிறு எவ்வளவு நிறைவாக இருக்கிறது என்று கணக்கெடுத்தார்கள். வெள்ளை பிரெட்டுக்கு 100 மதிப்பெண் என்று வைத்துக்கொண்டால், வேகவைத்த உருளைக்கிழங்குக்கு 323. எல்லாவற்றிலும் அதுதான் முதலிடம். கடைசி இடம் குரோசான் என்ற பிரெஞ்சு அடுக்கு ரொட்டிக்கு, 47. வர்க்கி அந்தச் சோதனையில் இல்லை. ஆனால் மைதா மாவில் கொழுப்பைத் தடவி, மடித்து, அடுக்கடுக்காகச் சுட்டெடுக்கும் விதத்தில் குரோசான் வர்க்கிக்குப் பங்காளிதான். வாயில் வைத்ததும் நொறுங்கிக் கரைகிறது, மெல்லவே வேலை இல்லை. மைதா 100 கிராமுக்கு 350 கலோரி, வனஸ்பதி 900. இரண்டும் சேர்ந்த பண்டம் கையில் பஞ்சு மாதிரி கனமில்லாமல் இருப்பதால், 'சும்மா ரெண்டு வர்க்கி' என்று சொல்லத் தோன்றுகிறது.

அதே 240 கலோரிக்கு வேகவைத்த உருளைக்கிழங்கு என்றால் 300 கிராம் சாப்பிடலாம், நடுத்தர அளவில் மூன்று கிழங்கு. சிப்ஸ் என்றால் 45 கிராம்தான். கிழங்கில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். பொரிக்கும்போது அந்தத் தண்ணீர் வெளியேறி எண்ணெய் உள்ளே போகிறது. ஊட்டி, கொடைக்கானல் கடைகளில் தொங்கும் சிப்ஸ் பாக்கெட்டைக் கவனியுங்கள்: வெடித்துவிடும் போலப் பலூனாக உப்பியிருக்கும். உள்ளே சரக்கு கூடுதல் என்று அர்த்தமில்லை. சமவெளியில் அடைத்த காற்று, மலையில் காற்றழுத்தம் குறைந்ததும் விரிகிறது. பாக்கெட்டின் பருமனைப் பார்க்காமல், கிராம் எவ்வளவு என்று பாருங்கள்.

பாக்கெட் உணவு காரணமா என்ற கேள்விக்கு நேரடிச் சான்று 2019-ல் வந்தது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் என்ற ஆய்வாளர், 20 பேரை 4 வாரம் உள்ளேயே தங்கவைத்தார். 2 வாரம் ஆலையில் அதீதமாகப் பதப்படுத்திய உணவு, 2 வாரம் பதப்படுத்தாத உணவு. இரண்டு முறையும் தட்டில் வைத்த கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் சமம். வேண்டிய அளவு சாப்பிடலாம் என்றார்கள். பதப்படுத்திய உணவு கிடைத்த நாட்களில் அதே ஆட்கள் ஒரு நாளைக்குச் சுமார் 500 கலோரி அதிகம் சாப்பிட்டார்கள். எடை 2 வாரத்தில் கிட்டத்தட்ட 1 கிலோ ஏறியது, மற்ற 2 வாரத்தில் அதே அளவு இறங்கியது. சிறிய சோதனைதான், உணவும் அவர்கள் ஊர் உணவுதான். ஆனால் அதில் தெரிந்த ஒன்று எந்த ஊருக்கும் பொருந்தும்: மென்மையான உணவை வேகமாகச் சாப்பிடுகிறோம், போதும் என்ற செய்தி மூளைக்குப் போய்ச் சேருவதற்குள் தட்டு காலியாகிவிடுகிறது.

நடக்கிறோமே என்கிறீர்கள். 60 கிலோ எடையுள்ளவர் ஒரு மணி நேரம் சமதளத்தில் நடந்தால் செலவாவது சுமார் 200 கலோரி. மேடு என்றால் கூடும். 70 கிராம் நூடுல்ஸ் பாக்கெட் ஒன்றில் 300 கலோரி இருக்கிறது. அந்தக் கட்டி ஏன் அப்படிச் சடக்கென்று உடைகிறது தெரியுமா? பெரும்பாலான நூடுல்ஸ் கட்டிகளை பாமாயிலில் பொரித்துத்தான் உலர்த்துகிறார்கள். நீங்கள் ஒரு சொட்டு எண்ணெய் விடாவிட்டாலும் 10 கிராம் கொழுப்பு ஏற்கனவே உள்ளே இருக்கிறது. மசாலாவோடு சேர்த்து உப்பு 2 கிராமை ஒட்டி வரும். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் அளவு.

இதெல்லாம் எங்கும் உள்ள கதை. மலைக்கென்று ஒரு கதை தனியாக இருக்கிறது, அதைச் சொல்லாமல் பாக்கெட்டை மட்டும் திட்டுவது நியாயமில்லை. ஊட்டி உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். பருப்பும் அவரையும் திறந்த பாத்திரத்தில் சீக்கிரம் வேகாது. இரவுக் குளிரில் இட்லி மாவு பொங்காது. காலை ஆறரைக்குப் பசுந்தேயிலை எடுக்கப் போகிறவருக்கோ, ஏழரை பஸ்ஸைப் பிடிக்கிறவருக்கோ பொங்காத மாவை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்? பிரெட் பாக்கெட்டைப் பிரிக்கிறார்கள். இதைச் சோம்பல் என்று சொல்லவே கூடாது. இன்னொன்று, நம் கேரட்டும் பீன்ஸும் மேட்டுப்பாளையம் மண்டிக்கும், கொடைக்கானல் சரக்கு ஒட்டன்சத்திரத்துக்கும் இறங்குகின்றன. பிஸ்கட்டும் சிப்ஸும் அதே சாலையில் ஏறி வருகின்றன. அவை ஆறு மாதம் தொங்கினாலும் அழுகாது, எஸ்டேட் லைன் வீட்டுக் கடைக்கு அதுதான் வசதி. ஆகவே வீட்டுச் சமையலை வேகப்படுத்தாமல் 'பாக்கெட் வேண்டாம்' என்று முடிவெடுத்தால், அது பத்து நாள்கூடத் தாங்காது.

மாவை முதலில் சரிசெய்யுங்கள். 4 பங்கு இட்லி அரிசி, 1 பங்கு உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். ஊறவைப்பதும் அரைப்பதும் வெதுவெதுப்பான தண்ணீரில். குழாய்த் தண்ணீரில் அரைத்தால் மாவு தொடக்கத்திலேயே சில்லிட்டுவிடும். கையால் நன்றாகக் கலக்கி, உப்பைப் பொங்கிய பிறகு போடுங்கள். உப்பு நுரைப்பதைத் தாமதப்படுத்தும். மாவுப் பாத்திரத்தை, கை பொறுக்கும் சூடுள்ள தண்ணீர் நிறைந்த அகன்ற அண்டாவில் இறக்கி, கம்பளியால் சுற்றி அடுப்பங்கரையில் வையுங்கள். படுக்கப் போகும் முன் அந்தத் தண்ணீரை ஒருமுறை மாற்றினால் 14, 16 மணி நேரத்தில் பொங்கும். அவசரப்பட்டுக் கொதிநீரில் வைத்தால் ஓரத்து மாவு வெந்து, நுரைக்க வைக்கும் கிருமிகளும் செத்துவிடும். அப்புறம் எத்தனை நேரம் வைத்தாலும் எழும்பாது.

பயறுகளுக்கு ஹாட்பாக்ஸ் போதும். காய்ந்த அவரை, கொண்டைக்கடலை, ராஜ்மா எதுவானாலும் இரவில் கொதிநீர் ஊற்றி மூடிவிடுங்கள். மலையின் குளிர்ந்த தண்ணீரில் இரவு முழுதும் ஊறினாலும் நடுவில் கல் போல நிற்கும். காலையில் ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுக் குக்கரில் வையுங்கள், சமவெளியில் வைப்பதைவிட மூன்று நான்கு விசில் கூடுதலாக. ராஜ்மாவை அரைவேக்காட்டில் சாப்பிட்டால் வாந்தி, வயிற்றுப்போக்கு வரும். அதைத் திறந்த பாத்திரத்தில் வேகவைக்கவே வேண்டாம். ஒருமுறை வேகவைத்தது இரண்டு நாள் சுண்டலுக்கும் குழம்புக்கும் ஆகும். பதினொரு மணிக்கு டப்பாவில் அந்தச் சுண்டலோ, மிளகுப்பொடி தூவிய இரண்டு உருளைக்கிழங்கோ, ஒரு மலைவாழைப்பழமும் ஒரு பிடி வேர்க்கடலையுமோ இருந்தால் வர்க்கி ஜாடியை நோக்கிக் கை போகாது.

கேழ்வரகையும் மறக்க வேண்டாம். 2023 மே மாதம் நீலகிரியிலும் தருமபுரியிலும் ரேஷனில் 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு தரும் திட்டத்தைத் தொடங்கினார்கள். 100 கிராம் கேழ்வரகில் நார்ச்சத்து 11 கிராம், தீட்டிய அரிசியில் 3-ஐத் தொடாது. ஆனால் அதைக் களியாகக் கிண்டி அவரைக் குழம்போடு சாப்பிடுவது வேறு, சலித்த மாவில் வெல்லமும் பாலும் ஊற்றிக் கஞ்சியாகக் குடிப்பது வேறு. இரண்டாவது, மூன்று நிமிடத்தில் குடித்து முடிக்கும் இனிப்புப் பானம்தான். 'ராகி பிஸ்கட்' அதைவிட ஏமாற்று. பின்பக்கம் திருப்பிப் பாருங்கள், பல பாக்கெட்டுகளில் மைதா முதலில் நிற்கும்.

அந்தப் பின்பக்கத்தைப் படிக்க இரண்டு விஷயம் தெரிந்தால் போதும். சேர்மானங்களை எடையில் அதிகமானதிலிருந்து குறைந்ததற்கு வரிசையாகத்தான் எழுத வேண்டும் என்பது சட்டம். முதல் மூன்று பெயரில் மைதா, சர்க்கரை, பாமாயில் என்று வந்தால் அட்டையில் என்ன படம் போட்டிருந்தாலும் அது இனிப்புப் பண்டமே. சர்க்கரை பல பெயரில் ஒளிந்திருக்கும்: இன்வெர்ட் சிரப், லிக்விட் குளுக்கோஸ், டெக்ஸ்ட்ரோஸ். மால்டோடெக்ஸ்ட்ரின் இனிக்காது, ஆனால் இரத்தத்தில் சர்க்கரையை அதே வேகத்தில் ஏற்றும். இரண்டாவது, உங்கள் வீட்டு அஞ்சறைப் பெட்டியிலும் மளிகை டப்பாக்களிலும் இல்லாத பொருட்கள் எத்தனை என்று எண்ணுங்கள். உணவை எவ்வளவு பதப்படுத்தியிருக்கிறார்கள் என்பதை வைத்துப் பிரிக்க, பிரேசில் ஆய்வாளர் கார்லோஸ் மான்டேரோ 2009-ல் முன்வைத்த நோவா என்ற வகைப்பாட்டின் சாரம் இதுதான். ஊறுகாயும் தயிரும் வெண்ணெயும் அதில் குற்றவாளிகள் இல்லை. பிள்ளைகளுக்கு ஆற்றிக் கொடுக்கும் மால்ட் பவுடர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன்: 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம், அவற்றை 'ஹெல்த் டிரிங்க்' பிரிவிலிருந்து எடுக்கும்படி ஆன்லைன் கடைகளுக்குச் சொன்னது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே கிடையாது.

டீ. மலையில் குளிருக்கு ஐந்து கிளாஸ் சாதாரணம். கிளாசுக்கு இரண்டு ஸ்பூன் என்றால் 10 கிராம், ஐந்துக்கு 50 கிராம் சர்க்கரை, 200 கலோரி. ஒரு மணி நேர நடை அங்கேயே கணக்குத் தீர்ந்தது. 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். டீயை விடச் சொல்லவில்லை. டஸ்ட் தூளைப் போட்டு வெகுநேரம் கொதிக்கவிட்டால் துவர்ப்பு ஏறும், துவர்ப்பை அடக்கத்தான் சர்க்கரை கேட்கிறது. தூள் போட்டதும் இரண்டு நிமிடத்தில் இறக்கி மூடிவையுங்கள். வாரத்துக்குக் கால் ஸ்பூன் வீதம் குறைத்தால் நாக்குக்குத் தெரியாது. ஒரே நாளில் நிறுத்துகிறவர்கள் நான்காம் நாள் பழைய இரண்டு ஸ்பூனுக்கே வந்துவிடுகிறார்கள்.

பிள்ளைகள் விஷயத்தில் வீட்டுக் கட்டுப்பாடு பாதிதான், மீதி பள்ளி வாசலில். 2020-ல் வந்த விதிகளின்படி பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த உணவை விற்கக் கூடாது. பெற்றோர் கூட்டத்தில் இதைக் கேளுங்கள், கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. நூடுல்ஸை உடனே ஒழிக்க முடியாவிட்டால், பாதிக் கட்டியும் பாதி மசாலாவும் மட்டும் போட்டு, ஒரு கை கேரட், பீன்ஸ், பச்சைப் பட்டாணி, ஒரு முட்டை சேர்த்துச் செய்யுங்கள். வாரம் ஒரு நாளைக்குக் கொண்டு வந்துவிட்டால் போதும்.

எடையை மட்டும் நம்பாதீர்கள். மலையில் ஸ்வெட்டரும் சால்வையும் ஆண்டு முழுக்க உடம்பை மறைத்துவிடுகின்றன, தொப்பை போட்டதே தெரியாது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 40 பேர், ஆண்களில் 37 பேர் அதிக எடையில் இருந்தார்கள். ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்ட நிலையில் டேப்பைச் சுற்றுங்கள். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எல்லை. மாதம் ஒருமுறை, அதே இடத்தில், காலை வெறும் வயிற்றில் எடுத்து எழுதிவையுங்கள். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் வீட்டில் இருந்தால், உணவில் சர்க்கரையைக் குறைக்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லி மருந்தளவைப் பார்க்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் தாழ்சர்க்கரை வந்து மயக்கம் வரும். சாப்பாடு மாறாமலே ஓரிரு மாதத்தில் எடை மளமளவென்று ஏறியிருந்தால், தைராய்டு பரிசோதனையை முதலில் எடுங்கள்.