நனோகுழாய்க் காடு: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

காபன் நனோகுழாய்கள் (காபன் அணுக்களாலான மிக நுண்ணிய குழாய்கள்) பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று போன வாரம் சொல்லியிருந்தேன். நிறையக் கேள்விகள் வந்தன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துச் சுருக்கித் தருகிறேன்.

போகல, கஹட்டகஹ சுரங்கங்களில் உலகத்தரமான காரீயம் (கிராபைட்) கிடக்கிறது. அதைச் சுருட்டி நனோகுழாய் செய்ய நம்மால் முடியாதா? (கொட்டாஞ்சேனை வாசகர்)

காரீயம் நல்ல காரீயம்தான். பாறை வெடிப்புகளில் நரம்பாக ஓடும் அதன் உயர்ந்த தரத்தில் காபன் 99 சதவீதத்தைத் தாண்டும். ஆனால் நனோகுழாயை யாரும் சுருட்டிச் செய்வதில்லை. பாடப்புத்தகப் படம்தான் அப்படி நினைக்க வைக்கிறது. 1991 இல் ஜப்பானின் சுமியோ இஜிமா இந்தக் குழாய்களைக் கண்டது, காரீயக் கோல்களுக்கு இடையே மின்வில் எரித்தபோது. அந்த முறையில் கரியோடு கலந்த சிக்கல்தான் கிடைக்கும். ஒழுங்காக நிமிர்ந்து, மரங்கள்போல் நெருங்கி நிற்கும் குழாய்கள் (இதைத்தான் "காடு" என்கிறோம்) வேண்டுமென்றால் வாயுவிலிருந்துதான் வளர்க்க வேண்டும். நம்முடைய காரீயத்துக்கு ஏற்ற வழி கிரபீன், அதாவது ஓர் அணு தடிப்பே உள்ள காபன் தாள். ஹோமாகமவில் உள்ள நனோ தொழில்நுட்ப ஆய்வு நிறுவனமான ஸ்லின்டெக்கும் அந்தப் பக்கத்தில்தான் வேலை செய்திருக்கிறது.

அப்ப அந்தக் "காடு" எப்படி வளருது அண்ணா? (உயர்தர மாணவி, வெள்ளவத்தை)

தங்கச்சி, சிலிக்கன் தட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் ஏறத்தாழ 10 நனோமீற்றர் தடிப்பில் அலுமினியம் ஒட்சைட்டு, அதற்கு மேல் ஒரு நனோமீற்றர் அளவில் இரும்பு. உலையில் வைத்து 750 பாகை செல்சியஸ் வரை சூடாக்கி ஐதரசனைச் செலுத்தினால் இரும்புப் படலம் உடைந்து நுண்ணிய துணிக்கைகளாகத் திரளும். ஒவ்வொரு துணிக்கையும் ஒரு குழாய்க்கு வித்து. கீழே ஒட்சைட்டு இல்லாவிட்டால் இரும்பு சிலிக்கனுக்குள் ஊறிப்போய் வித்தே மிஞ்சாது.

அப்புறம் எதீன் வாயுவை விடுவோம். அது இரும்பில் பட்டு உடைய, அதிலுள்ள காபன் குழாயாக உருவெடுத்து வெளியே தள்ளப்படும். பெரும்பாலும் துணிக்கை தட்டிலேயே இருக்கும், குழாய் அடியிலிருந்து நீளும். ஒரு சதுர சென்ரிமீற்றரில் கோடிக்கணக்கில் நெருங்கி நிற்பதால் பக்கத்தில் சாய இடமில்லை; மேலே போவதைத் தவிர வேறு வழியில்லை.

சிக்கல் என்னவென்றால், கொஞ்ச நேரத்தில் துணிக்கைமேல் கரி மூடி ஊக்கி (குழாயை வளர வைக்கும் அந்த இரும்பு) செத்துவிடும். 2004 இல் ஜப்பானில் ஹாட்டா குழுவினர் வாயுவோடு சிறிதளவு நீராவி சேர்த்துப் பார்த்தார்கள். அது கரியை அரித்து ஊக்கியை உயிரோடு வைத்தது. 10 நிமிடத்தில் 2.5 மில்லிமீற்றர் உயரம் வந்தது!

"சிறிதளவு" என்றால் பத்து இலட்சம் பங்கில் சில நூறு பங்கு. கொழும்பில் 30 பாகையில் ஈரப்பதன் 75 சதவீதமாக இருக்கும் நாளில் காற்றில் இருப்பது 31,000 பங்கு. ஆகவே இங்கே உலை வைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது வாயுக் குழாய்ப் பொருத்துகளில் கசிவு இருக்கிறதா என்பதைத்தான். நேற்று வளர்ந்தது இன்று வளரவில்லை என்று எதீன் சிலிண்டரைத் திட்டிக்கொண்டிருப்பார்கள், குற்றவாளி ஒரு தளர்ந்த நட்டாக இருக்கும்.

எஃகைவிடப் பல மடங்கு பலம் என்கிறார்களே, உண்மையா? (பொறியியலாளர், தெஹிவளை)

ஒற்றைக் குழாய்க்கு உண்மை. யங்கின் மட்டு (விறைப்பின் அளவு) ஏறத்தாழ ஒரு டெராபஸ்கால், எஃகின் ஐந்து மடங்கு. 2000 இல் பல்சுவர்க் குழாய்களின் (ஒன்றுக்குள் ஒன்றாகப் பல குழாய்கள் கொண்டவை) வெளிச்சுவரை இழுத்து அளந்தபோது இழுவை வலிமை 11 முதல் 63 கிகாபஸ்கால் வரை வந்தது. ஆனால் காடு வேறு கதை. அதன் கனவளவில் பெரும்பகுதி வெற்றிடம். ஒரு கன சென்ரிமீற்றர் 0.04 கிராம்கூட வராது. விரலால் அழுத்தினால் நசுங்கிவிடும். ஒரு துளி அற்ககோலை விட்டு உலர விட்டால், காயும் திரவம் குழாய்களைக் கற்றை கற்றையாக இழுத்துச் சேர்த்து, காடு முழுவதும் வெடித்த குளத்து மண்ணாகிவிடும்.

இதே ஒட்டும் குணத்தில்தான் நூலும் வருகிறது. 2002 இல் சீனாவின் சிங்ஹுவா பல்கலைக்கழகத்தில், சரியான நெருக்கத்தில் வளர்ந்த காட்டின் ஓரத்தைப் பிடித்து இழுத்தார்கள். ஒரு கற்றை அடுத்ததை இழுக்க, இழை தொடர்ந்து வந்தது. அந்த நூலின் பலம் ஒற்றைக் குழாயின் பலத்துக்குக் கிட்டவும் வராது, ஏனென்றால் குழாய்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். நனோகுழாய்க் கயிற்றில் விண்வெளிக்கு ஏறும் விண்வெளி லிப்ட் சாத்தியமா என்று கேட்ட தம்பிக்கும் இதுதான் பதில். ஜப்பானின் வாசெடா பல்கலைக்கழகம் எட்டிய காட்டு உயரம் 14 சென்ரிமீற்றர்.

வான்டாபிளாக் என்ற மிகமிகக் கறுப்பான பெயின்ட் இங்கே வாங்கலாமா? (ஓவியர், பம்பலப்பிட்டி)

2014 இல் இங்கிலாந்தின் சரே நனோசிஸ்டம்ஸ் வெளியிட்ட அந்த மூலப் பூச்சு பெயின்டே அல்ல, உலையில் வளர்த்த காடு. குழாய்களுக்கிடையே புகுந்த ஒளி மோதி மோதி வெப்பமாகி முடிகிறது; 99.965 சதவீதம் உள்ளேயே போய்விடும். தட்டை எந்தப் பக்கம் சாய்த்தாலும் மினுக்கம் வராது, கசங்கிய தகட்டில் வளர்த்தால் கசங்கலே தெரியாது. கை பட்டால் கெட்டுவிடும். 2019 இல் காட்சிக்கு வந்த கறுப்பு பிஎம்டபிள்யூ காரில் அடித்தது வேறு வகை, அதில் நனோகுழாய் இல்லை. வான்டாபிளாக்கின் தெளித்துப் பூசும் வகையைக் கலைக்குப் பயன்படுத்தும் உரிமையை 2016 இல் சிற்பி அனிஷ் கபூர் ஒருவருக்கே கொடுத்தார்கள். அது எனக்கு இன்றைக்கும் பிடிக்காத காரியம்.

போன் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். தெர்மல் பேஸ்டுக்கு (சிப்பின் வெப்பத்தை வெளியே கடத்தப் பூசும் பசை) பதில் இதைப் போடலாமா? (மருதானை)

ஒற்றைக் குழாயில் அளந்த வெப்பக் கடத்துதிறன் செம்பின் ஏழெட்டு மடங்கு. ஆனால் காட்டில் குழாய்களின் நுனி எல்லாம் ஒரே மட்டத்தில் இல்லை. பல குழாய்கள் எதிர்ப் பரப்பைத் தொடுவதே இல்லை. வெப்பம் குழாய்க்குள் ஓடுவதில் பிரச்சினையில்லை, ஏறுவதிலும் இறங்குவதிலும்தான் தடை. பேஸ்டையே போடுங்கள் அண்ணே. நீங்கள் கழற்றும் லிதியம் பற்றரிகள் சிலவற்றின் மின்வாயில் நனோகுழாய் ஏற்கெனவே இருக்கிறது, காடாக அல்ல, கடத்தலைக் கூட்டக் கலந்த தூளாக.

சிலிக்கன் சிப்பை இது ஒழிக்குமா?

கிட்டடியில் இல்லை. சிப்புக்குக் குழாய்கள் படுத்த வாக்கில் வரிசையாக வேண்டும். ஒற்றைச்சுவர்க் குழாய்களில் மூன்றில் ஒரு பங்கு உலோகத்தன்மை கொண்டவை. அவற்றை வடிகட்டாவிட்டால் திரான்சிற்றர் அணையவே அணையாது. 2019 இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் 14,000க்கு மேற்பட்ட நனோகுழாய்த் திரான்சிற்றர்களில் ஒரு செயலி செய்து காட்டியது. சாதனைதான், ஆனால் உங்கள் போனுக்குள் கோடிக்கணக்கில் இருக்கின்றன.

இணையத்தில் நனோகுழாய்த் தூள் விற்கிறார்கள். மகனின் பாடசாலைச் செயற்றிட்டத்துக்கு வாங்கலாமா? (ஒரு தாய், வத்தளை)

வேண்டாம் அக்கா. நீளமான, விறைப்பான பல்சுவர்க் குழாய்கள் எலிகளின் உடற்குழிச் சவ்வில் அஸ்பெஸ்டஸ் போலவே அழற்சி உண்டாக்கியதை 2008 இல் கண்டார்கள். 2014 இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் அவற்றில் ஒரு வகையைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவற்றின் பட்டியலில் சேர்த்தது. தட்டோடு ஒட்டி நிற்கும் காட்டைவிட, காற்றில் பறக்கும் தூள்தான் பயப்பட வேண்டியது. வீட்டு மேசையில் அதைக் கொட்டிக் கிளறக்கூடாது.

பதிலுக்கு ஒன்று: கண்ணாடித் துண்டை இடுக்கியால் பிடித்து மெழுகுவர்த்திச் சுடரின் மேல் காட்டிக் கரி படிய வையுங்கள். ஆறியதும் துளித்துளியாகத் தண்ணீர் விட்டால் நனையாமல் உருண்டோடும். எவ்வளவு சாய்வில் துளி உருளத் தொடங்குகிறது என்று மகன் பாகைமானியால் அளக்கட்டும். ஜன்னலைத் திறந்து வைத்து, நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள்.