பேஸ்புக்கை விட்டு மஸ்டடோனுக்குப் போகலாமா? மட்டக்களப்பிலிருந்து ஒரு பதில்

மஸ்டடோன், புளூஸ்கை போன்ற, மையமில்லாதவை (ஒரே நிறுவனத்தின் கையில் இல்லாதவை) எனப்படும் சமூக வலைத்தளங்கள் நம் பகுதிக்கு உதவுமா, ஊர்ப் பேஸ்புக் பக்கங்களை அங்கே மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தனி ஆளாகப் போவதென்றால் இன்றைக்கே போகலாம். ஊரையே கூட்டிக்கொண்டு போவதென்றால், அங்கே இரவு பகலாக ஒருவர் பொறுப்பாக இருக்க வேண்டும். அந்த ஒருவர் யார் என்று முடிவு செய்யாமல் போகாதீர்கள்.

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மஸ்டடோன் 2016இல் ஜெர்மனியில் ஒய்கன் ரொக்கோ தொடங்கிய திறந்த மென்பொருள். யாரும் ஒரு சேவையகத்தை (இணையத்தில் எப்போதும் இயங்கும் கணினி) வாடகைக்கு எடுத்து அதில் நிறுவலாம். கல்முனையில் நடக்கும் சேவையகத்தில் கணக்கு வைத்திருப்பவர், பெர்லினில் நடக்கும் இன்னொன்றில் இருப்பவரைப் பின்தொடரலாம். இவை தமக்குள் பேசும் நெறிமுறைக்கு ஆக்டிவிட்டிபப் என்று பெயர். இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி 2018 ஜனவரியில் அதைப் பரிந்துரையாக ஏற்றது. 2022 ஒக்டோபரில் ஈலோன் மஸ்க் டுவிட்டரை வாங்கிய பிறகுதான் பலருக்கும் இந்தப் பெயர்களே தெரியவந்தன.

நம் பக்கத்தவர்களுக்கு இதில் ஆசை வருவதற்கு மஸ்க் காரணமில்லை. 2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் உணவகத்தில் நடந்ததே போதும். சாப்பாட்டில் கருத்தடை மாத்திரை கலந்ததாகச் சொல்லி ஒரு கும்பல் கடைக்காரரைச் சூழ்ந்துகொண்டது. சிங்களம் சரியாகத் தெரியாத அந்த மனிதர் பயத்தில் தலையாட்டினார். பள்ளிவாசல் தாக்கப்பட்டது, அவர் தலையாட்டியதைப் படமெடுத்த காணொளி பேஸ்புக்கில் பரவியது. அரச பகுப்பாய்வாளர் சோதித்தபோது அது வெறும் மாக்கட்டி என்று தெரிந்தது. அதற்குள் கண்டியில் முஸ்லிம்களின் வீடுகள் எரிந்து முடிந்திருந்தன. மார்ச் 7ஆம் திகதி அரசாங்கம் பேஸ்புக்கையே முடக்கியது. சிங்களத்தில் எழுதப்பட்ட வெறுப்பை வாசித்துப் புரிந்துகொள்ள அந்த நிறுவனத்தில் போதிய ஆட்கள் இருக்கவில்லை. 2020 மே மாதம்தான் வருத்தம் தெரிவித்தார்கள்.

சிங்களமும் தமிழும் தெரிந்த, எந்தச் சொல் எந்த ஊரில் தீ மூட்டும் என்று அறிந்த ஒருவர் கையில் தளம் இருந்திருந்தால் அந்தக் காணொளி அரை மணி நேரம்கூட நின்றிருக்காது. மையமில்லாத தளங்கள் தரும் பெரிய நம்பிக்கை இதுதான். அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அந்தக் கும்பலும் தனக்கென ஒரு சேவையகம் தொடங்கலாம். 2019 ஜூலையில் காப் என்ற அமெரிக்கத் தீவிர வலதுசாரித் தளம் மஸ்டடோன் மென்பொருளுக்கே மாறியது. யாராலும் தடுக்க முடியவில்லை. மற்றச் சேவையகங்கள் பெரும்பாலும் அதனுடன் தொடர்பைத் துண்டித்தன. சத்தம் நம் காதுக்கு எட்டவில்லை, அவ்வளவுதான். உள்ளே பேச்சு நிற்கவில்லை.

இனி அந்தப் பொறுப்பாளருக்கு வருகிறேன். எங்கள் ஊரின் பேஸ்புக் பக்கம் ஒன்றைப் பார்த்துக்கொள்பவர்களில் நானும் ஒருவன். மரண அறிவித்தல், மின்வெட்டு, மழைக் காலத்தில் கிரான் பக்கம் போகலாமா என்ற விசாரிப்பு, இவைதான் பெரும்பாலும் வரும். ஒருமுறை கோயில் நிர்வாக சபையின் வரவு செலவுக் கணக்கைப் பற்றி யாரோ ஒரு பின்னூட்டம் போட்டுவிட்டார். இரவு பத்து மணிக்குப் படலையில் மோட்டார் சைக்கிள் சத்தம். “தம்பி, அதை எடுத்துவிடுங்கள். அண்ணா சாப்பிடாமல் இருக்கிறார்.” எழுதியவர் வீட்டிலிருந்து மறுநாள் காலையில் இன்னொருவர் வந்தார், எடுத்தால் நடப்பதே வேறு என்றார். நான் இருவரிடமும் ஒரே பதிலைத்தான் சொன்னேன்: “என்ன செய்வது, அந்த நிறுவனத்திடம் முறையிடுங்கள்.” கலிபோர்னியாவில் முகம் தெரியாத ஒரு நிறுவனம் இருப்பதில் உள்ள வசதியை அன்றைக்கு உணர்ந்தேன். சேவையகம் என்னுடையதாக இருந்திருந்தால் அந்தச் சாக்கு கிடைத்திருக்காது.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மஸ்டடோனில் தனிச் செய்திகள் முனைக்கு முனை மறையாக்கம் (அனுப்புபவரும் பெறுபவரும் மட்டும் வாசிக்கும்படி பூட்டுவது) செய்யப்படுவதில்லை. பொறுப்பாளர் நினைத்தால் வாசிக்கலாம். தூரத்து நிறுவனம் வாசித்தால் நமக்குக் கோபம் வரும். அடுத்த தெருக்காரர் வாசித்தால் கலியாணம் குழம்பும். அத்துடன் 2024இல் இலங்கையில் இணையப் பதிவுகளுக்கான நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்திருக்கிறது. பதிவை நீக்கச் சொல்லி அந்தச் சட்டத்தின் ஆணைக்குழு கடிதம் அனுப்பினால் பெரிய நிறுவனம் சட்டத்தரணிகளைக் கூப்பிடும். களுவாஞ்சிக்குடியில் ஓய்வு நேரத்தில் சேவையகம் நடத்தும் ஆசிரியர் யாரைக் கூப்பிடுவார்?

பணமும் சின்ன விடயமல்ல. சேவையக வாடகை டொலரில். 2022இல் ஒரு டொலர் இருநூறு ரூபாய்ச் சொச்சத்திலிருந்து சில மாதங்களில் 360ஐத் தொட்டதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மற்றச் சேவையகங்களிலிருந்து வரும் படங்களின் நகல்களும் நம் சேவையகத்தின் சேமிப்பு வட்டில் சேரும். ஆள் குறைவாக இருந்தாலும் இடம் நிரம்பும். வாசிப்பவர் பக்கம் இன்னும் மோசம். ரீலோட் கடையில் பேஸ்புக்குக்கும் வட்ஸ்அப்புக்கும் தனியாக மலிவான டேட்டாப் பொதி கிடைக்கிறது. மஸ்டடோனுக்கு அப்படி ஒன்றைக் கேட்டால் கடைக்காரத் தம்பி நம்மை ஒரு மாதிரிப் பார்ப்பார். என் மாமி பேஸ்புக்கில் இருப்பது மார்க் சக்கர்பர்க்கின் மீதுள்ள அன்பினால் அல்ல, அந்தப் பொதியினால்.

புளூஸ்கை கொஞ்சம் வேறு. 2019இல் டுவிட்டருக்குள் திட்டமாகத் தொடங்கி, 2024 பெப்ரவரியில் எல்லோருக்கும் திறக்கப்பட்டது. சொந்த இணைய முகவரியையே கணக்கின் பெயராக வைக்கலாம். இடம் மாறினாலும் பழைய பதிவுகளைக் கொண்டுபோகலாம். மஸ்டடோனில் பின்தொடர்பவர்கள் கூட வருவார்கள், பழைய பதிவுகள் வரமாட்டா. ஆனால் புளூஸ்கையில் பெரும்பாலோரின் கணக்குகள் இன்னும் அந்த நிறுவனத்தின் சொந்தச் சேவையகங்களில்தான் இருக்கின்றன. அதை மையமில்லாதது என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

ஆகவே மரண அறிவித்தலையும் வெள்ளச் செய்தியையும் இருக்கிற இடத்திலேயே விடுங்கள். அவை போய்ச் சேர வேண்டியவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். பழைய படங்கள், ஊர் வரலாறு, கூத்துப் பதிவுகள் போன்றவற்றை மஸ்டடோனில் ஒரு கணக்கு திறந்து போட்டுப் பாருங்கள். மூலப்பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு போடுங்கள். சொந்தச் சேவையகம்தான் வேண்டும் என்றால் முதலில் மூன்று பேரைப் பிடியுங்கள். ஒருவருக்காவது சிங்களம் சரளமாக வாசிக்கத் தெரிய வேண்டும், ஒருவரிடமாவது டொலர் கட்டக்கூடிய கார்ட் இருக்க வேண்டும், மூவரும் ஒரே குடும்பமாக இருக்கக் கூடாது.